இடப்பக்கச் சக்கரம்

சபாபதி முதலாளியின் வண்டி சிதம்பரத்துக்குப் போகிறது என்ற செய்தியைப் பூவரசனுக்குச் சொன்னது அவன் மனைவி மோனிகாதான். முதலாளியின் மனைவி செல்லாயி அம்மாளைக் காய்கறிக் கடையில் பார்த்தாளாம்.

"பிரேக் சத்தம் நிக்கவே இல்லியாம். வெள்ளிக்கெழம உபைதுல்லா அண்ணன் கடைக்குப் போறாங்களாம். அவுருகிட்ட எல்லா மெஷினும் இருக்குதாமே?"

பூவரசன் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான். சுத்தமாகிவிட்ட கையையே மறுபடி மறுபடி தேய்த்தான்.

கடலூர் முதுநகரில் முந்திரி ஏற்றுமதி செய்கிறவர் சபாபதி. அம்பாசடர் வைத்திருந்த காலத்திலிருந்து அவர் வாங்கிய ஒவ்வொரு வண்டியும் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பூவரசனின் பட்டறைக்குத்தான் வந்தது. போன வருஷம், 2009-ல், சென்னையிலிருந்து ஒரு பெரிய ஜெர்மன் வண்டியை ஓட்டி வந்தார். யானைக்குட்டி மாதிரி கறுப்பு வண்டி. அதற்கும் பூவரசன்தான் என்று ஊரே நினைத்திருந்தது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

போன மாதம் அந்த வண்டி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சென்னையிலிருந்து புது பிரேக் பேடு வரவழைத்துப் பூவரசனே மாட்டினான். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கையும் பார்த்தான். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்ததால் அதைத் தொடவில்லை. சத்தம் சில நாள் அடங்கி, முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. "ஓட ஓட செட்டாயிடும் மொதலாளி" என்று சொல்லியிருந்தான்.

உபைதுல்லாவும் அவனும் ஒரே மேஸ்திரியிடம் தொழில் கற்றவர்கள். ஒரே தார்ப்பாயில் படுத்தவர்கள். உபைதுல்லா ஷார்ஜாவுக்குப் போகும்போது இவனையும் கூப்பிட்டான். புதுசாகக் கல்யாணமாகியிருந்ததால் பூவரசன் போகவில்லை. இப்போது அவன் திரும்பி வந்து சிதம்பரம் புறவழிச் சாலையில் பெரிய பட்டறை போட்டிருக்கிறான். திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வந்தது. பூவரசன் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாக மோனிகாவிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினான்.

பட்டறையின் தரையில் டைல்ஸ் போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவனுக்கு வயிறு எரிந்தது. தன் பட்டறையில் ஒரு நட்டு கீழே விழுந்தால் மண்ணைச் சலிக்க வேண்டும். நடுவில் லிஃப்டின் மேல் கறுப்பு வண்டி ஆள் உயரத்தில் நின்றது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து, உபைதுல்லா சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் தன் பட்டறையில் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை என்பது பூவரசனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டேய் மச்சான்!" உபைதுல்லா ஓடி வந்து கட்டிக்கொண்டான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஒக்காரு. டீ சொல்றேன்."

முதலாளிக்கு லேசாகச் சங்கடம். "தப்பா நெனச்சுக்காத பூவரசு. குமராட்சில ஒரு கல்யாணம், எப்படியும் இந்தப் பக்கம் வரணும். அதான் இங்கியே காட்டலாம்னு..."

"அதனால என்னா மொதலாளி" என்றான் பூவரசன். டீ கசந்தது.

கழற்றி வைத்த டிஸ்க்கை உபைதுல்லா திருப்பிக் காட்டினான். உள்பக்கம் முழுக்க வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது. உள்பக்கத்தைப் பூவரசன் விரலால்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

"பூவரசன் போட்ட பேடு நல்ல பேடு மொதலாளி" என்றான் உபைதுல்லா. "இது உள்ள தேஞ்சிருக்குது. லிஃப்ட்ல ஏத்தாம யாருக்கும் தெரியாது. பழைய டிஸ்க்ல ஓடி பேடும் வீணாப் போச்சு. ரெண்டையும் மாத்திடறேன்."

முதலாளி தலையாட்டினார். உபைதுல்லா திட்டியிருந்தால் பூவரசனால் தாங்கியிருக்க முடியும். தன் குறையை அவன் மூடி வைத்ததுதான் பொறுக்கவில்லை. பெரிய மனுஷனாகவும் இவனே இருக்க வேண்டுமா?

வேலை நடந்தது. பூவரசன் ஒரு குற்றம் கிடைக்காதா என்று ஒவ்வொன்றையும் கவனித்தான். புது டிஸ்க்கின் எண்ணெயைத் துடைத்தானா? துடைத்தான். பேடுகளை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற காலிப்பரைத் தேய்த்துச் சுத்தம் செய்தானா? செய்தான். உபைதுல்லா ஷார்ஜாவிலிருந்து கொண்டு வந்த ஒரு ஸ்பேனர் வைத்திருந்தான். போல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் அது டக்கென்று சத்தம் கொடுக்கும். வலப்பக்கக் காலிப்பரின் இரண்டு போல்ட்டுக்கும் டக், டக் என்று கேட்டது.

இடப்பக்கம் வந்தபோது ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. முதலாளியும் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். உபைதுல்லா இரண்டு போல்ட்டையும் கையால் திருகி ஏற்றினான். அதற்குள் செல்போன் அடித்தது. "தோ வந்துட்டேன் ஜெய்னப்" என்று மனைவியிடம் பேசியபடியே சக்கரத்தைத் தூக்கி மாட்டினான்.

டக் சத்தம் கேட்கவில்லை.

பூவரசன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். உபைதுல்லா வண்டியை இறக்கி, பிரேக்கை நாலைந்து தரம் மிதித்துப் பார்த்து, சாவியை முதலாளியிடம் கொடுத்தான். கை கழுவப் போனான். சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்க வேண்டும். பூவரசன் வாயைத் திறக்கவில்லை. உபைதுல்லா தொப்பியை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிப் போனான்.

"ஏறு பூவரசு, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன்" என்றார் முதலாளி.

ஏறினான். வண்டி பூனை மாதிரி போனது. "சத்தமே இல்ல பாத்தியா?" என்று முதலாளி மூன்று தரம் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று பூவரசன் தனக்குள் சொல்லிக்கொண்டான். போல்ட் இன்றைக்கே கழன்றுவிடாது. முதலில் லொடலொடவென்று ஆடும். முதலாளி எரிச்சலாகி, ஒரு வாரத்தில் மஞ்சக்குப்பத்துக்கே கொண்டு வந்து நிறுத்துவார். சிதம்பரத்துல அவன் என்னா வேல பாத்தான் பாரு என்பார். அந்தக் குரலை அவன் இப்போதே கேட்டான். இனித்தது.

கீழவீதியில், கோயிலுக்குப் போயிருந்த செல்லாயி அம்மாளும் பேத்தி சினேகாவும் ஏறிக்கொண்டார்கள். குழந்தை முன் சீட்டுக்கு எம்பி, பூவரசனின் உள்ளங்கையில் விபூதியைக் கொட்டியது. "பூசிக்குங்க மாமா."

பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். கறுப்பு வண்டி குமராட்சி பக்கம் திரும்பியது. கடலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவன் படியில் ஒரு காலை வைத்தான். மேற்கே போகும் அந்த ரோட்டில் மினிபஸ்கள் எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியும். ஒதுங்கினால் வாய்க்கால். மிதித்த பிரேக் பிடிக்காமல் போனால்?

காலை எடுத்தான். போன் போட்டான். முதலாளி எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறிக்கொண்டு மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான்.

"என்னாப்பா?"

"வண்டிய ஓரங்கட்டுங்க மொதலாளி. மெதுவா. நான் வரேன்."

வயல் ஓரத்தில் புளியமரத்தடியில் வண்டி நின்றது. ஆட்டோக்காரரின் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, ஜாக்கி போட்டு இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். கீழ் போல்ட் பாதி வெளியே வந்திருந்தது. மேல் போல்ட் விரலாலேயே சுற்றியது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "லூசா இருக்குதா?"

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் உபைதுல்லாவின் டைல்ஸும் லிஃப்டும் இந்த நிமிஷமே இடிந்து விழும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்தது. வண்டில வரும்போது ஏன் சொல்லல?

"இல்ல மொதலாளி, நல்லாத்தான் இருக்குது" என்றான். உடம்பால் மறைத்துக்கொண்டு இரண்டையும் முழு பலத்தோடு இறுக்கினான். "சும்மா ஒரு சந்தேகம்."

செல்லாயி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி பேத்தியை வண்டிக்குள் ஏற்றினார். "அவன் மேல அவ்ளோ பொறாமையா பூவரசு? கொழந்தைய வெயில்ல நிக்க வச்சிட்டியே."

வண்டி போய்விட்டது. ஆட்டோக்காரர் ஸ்பேனரைத் துடைத்து வாங்கிக்கொண்டார். தொழுகை முடியும் வரை காத்திருந்து, பூவரசன் உபைதுல்லாவுக்குப் போன் செய்தான். நடந்ததைச் சொன்னான்.

"அல்லாவே" என்றான் உபைதுல்லா. "யார் யார் இருந்தாங்க வண்டில?"

"மொதலாளி, அம்மா, பேத்தி."

"நீ எப்ப பாத்த மச்சான்?"

பூவரசன் பொய் சொல்ல நினைத்தான். வரவில்லை. "நீ சக்கரத்த மாட்டறப்பவே."



"நான் மறந்துட்டேன்" என்றான் உபைதுல்லா. "நீ மறக்கல." போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் சபாபதி முதலாளியே மஞ்சக்குப்பத்துக்கு வந்தார். கறுப்பு வண்டியில் இல்லை, பழைய ஜீப்பில். உபைதுல்லா நேற்று சாயங்காலம் கல்யாண வீட்டுக்கே வந்து, போல்ட்டை இறுக்க மறந்தது தான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டானாம். பூவரசன் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கண் கலங்கினானாம். பூவரசன் எப்போது பார்த்தான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒன்ன ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சிக்காத" என்றார் முதலாளி. "அவன் பேரக் கெடுக்க வேணாம்னுதான மறச்ச? நல்ல சிநேகிதம்யா ஒங்களது. ஆனா அவனப் பாரு! தானா வந்து சொல்றான். அப்படி ஒருத்தன்கிட்ட கண்ண மூடிக்கிட்டு வண்டிய உடலாம்."

அந்த வண்டி இனி எந்த ஊருக்குப் போகும் என்பது பூவரசனுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் நேற்றிருந்த அதே எரிச்சல் எழுந்தது. உபைதுல்லாவைத் திட்ட ஒரு காரணம் தேடினான். எதுவும் அகப்படவில்லை.

"ஜீப்புக்கு என்னா மொதலாளி?" என்றான்.

"கிளட்ச் சரியா புடிக்கல. பாரு."

பூவரசன் பானட்டைத் திறந்தான்.