டயர் வீட்டு வளைவு

"சாய்ச்சுப் பிடிங்க... இன்னும் கொஞ்சம்... ஐயோ, நிறுத்துங்க!"

ஸ்ட்ரெச்சர் மறுபடியும் வளைவில் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த மகனும் பின்னால் பிடித்திருந்த மைத்துனனும் மூச்சு வாங்கினார்கள். நல்லவேளை, அதில் இன்னும் ஆளை ஏற்றவில்லை. ஆள் உள்ளறையில், சற்று முன் உயிர் போன கட்டிலிலேயே, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கிடந்தார்.

தையல் வேலை செய்யும் அவர் மனைவி, கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தும் நிம்மதியாக விடுகிறாரா இந்த மனுஷன்!

ஊரில் எல்லாரும் செங்கல்லால் வீடு கட்டினார்கள். இவர் குப்பையால் கட்டினார். தேய்ந்த லாரி டயர்களை அடுக்கி, உள்ளே மண்ணைக் கொட்டிச் சம்மட்டியால் இறுக்கினால் அது சுவராம். நடுநடுவே காலி பாட்டில்களைப் பதித்தால் அது ஜன்னலாம். கலவை போட ஒரு பழைய வாஷிங் மெஷின். அது கலக்கியதைவிடத் தெருவில் போகிறவர்கள் மேல் துப்பியதுதான் அதிகம். போதாக்குறைக்கு, உள்ளறைக்குப் போகிற வழியை நத்தைக் கூடு மாதிரி வளைத்துவைத்தார். காற்று வளைந்து வந்தால்தான் குளிருமாம். கட்டிலை அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தவருக்கு, ஒருநாள் ஓர் ஆளைப் படுத்தவாக்கில் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று தோன்றவே இல்லை. என்ன மூளையோ!

"அக்கா, சுவரை உடைச்சாத்தான் ஆகும்," என்றான் ஸ்ட்ரெச்சரைப் பின்னால் பிடித்திருந்த அவள் தம்பி. அவன் கட்டட மேஸ்திரி. அத்தானின் சுவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவன். "நம்ம ஆளுங்ககிட்ட உடைக்கிற மெஷின் இருக்கு. கூப்பிட்டா வந்துடுவாங்க. நீயும் எப்படியும் இதை இடிச்சுட்டுப் பையன் வீட்டுக்குப் போகப்போறவதானே?"

அதுதான் அவள் கனவு. நீங்கள் போன மறுநாளே இந்தக் குப்பைமேட்டை இடித்துவிட்டு, நேரான சுவரும் திறக்கிற ஜன்னலும் உள்ள வீட்டுக்குப் போவேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். "இடிச்சுத்தான் பாரேன்" என்று அவரும் பல்லைக் காட்டுவார்.

தம்பி போனை எடுத்தான்.

"வைடா அதை."

"என்னக்கா?"

"இதுல ஒரு டயரைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

மகன் விழித்தான். "அப்புறம் அப்பாவை எப்படிம்மா கொண்டுபோறது?"

"நாற்காலியில உக்காரவச்சுத் தூக்கு. உடம்பு இன்னும் விறைக்கல. வளைச்சு வளைச்சுக் கட்டினாருல்ல? வளைஞ்சே போகட்டும்."

தைத்து மிஞ்சிய துணியால் அவரை நாற்காலியோடு சேர்த்து அவளே கட்டினாள். தூக்கியதும் அவர் தலை முன்னும் பின்னும் ஆடியது.

"இப்போ நல்லா ஆட்டுங்க! உசிரோட இருந்தப்ப நான் சொன்னதுக்கு ஒருதடவை ஆட்டியிருப்பீங்களா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

வளைவில் ஒரு பாட்டிலின் கழுத்து சுவரைவிட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைக்கூட ஒழுங்காப் பதிக்கத் தெரியல," என்று முணுமுணுத்தபடி முன்னால் போய், அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "மெதுவாடா. தலையில இடிச்சுடப்போகுது."

அவர் தலை அவள் புறங்கையை உரசிக்கொண்டு கடந்தது. நாற்காலி வாசலைத் தாண்டிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.