வால் முடிச்சு

செய்த பாவத்துக்கு மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். சிலர் குடிப்பார்கள். பலர் மறந்துவிட்டு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். வாத்தியார் நாவல் எழுதினார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற மறுநாளே பேனாவும் கையுமாக உட்கார்ந்தவர், முந்நூறு பக்கம் எழுதிவிட்டுத்தான் எழுந்தார். எழுதும்போது அழுவார். அழுத பக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டுவார். "நல்லாத்தான் இருக்கு, காபி ஆறிப்போகுது பாருங்க" என்பாள் அவள்.

நாவல் பூனையைப் பற்றியது. பூனை என்பது அவருடைய பால்ய சிநேகிதனின் பட்டப்பெயர். வெளிறிய கண்கள், அதனால் அந்தப் பெயர். பதினோரு வயதில் இருவரும் ஒரே பெஞ்சு, நகமும் சதையும். பூனை மாமா வீட்டில் வளர்ந்தான். அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையைப் பூனை ஒருநாள் வாத்தியாருக்கு மட்டும் காதோடு காதாகச் சொன்னான். அம்மா ஜெயிலில் இருக்கிறாள். அப்பாவைக் கொன்றுவிட்டாள்.

அந்த ரகசியத்தைக் கொண்டுபோய் வாத்தியார் விற்றார். பெரிய வகுப்புப் பையன் ஒருவனிடம் புது சைக்கிள் இருந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றக் கொடுத்தான், ஒரே ஒரு சுற்று. மறுநாள் கரும்பலகை முழுக்க ஜெயில் கம்பிகள். பூனை உள்ளே நுழைந்ததும் வகுப்பே வாயால் சாவிக் கொத்து குலுக்குகிற சத்தம் போட்டது. வாத்தியாரும் போட்டார், போடாவிட்டால் மாட்டிக்கொள்வாரே! பூனை சாயங்கால மணி அடிக்கும் வரை இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்து, டெஸ்கில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சமமாக்கி, பையில் வைத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

இவ்வளவையும் வாத்தியார் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அந்த மட்டும் மனிதர் யோக்கியர். கடைசி அத்தியாயத்தில்தான் கை வைத்தார். அதில் பூனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துக்கொண்டிருப்பான், இவர் கையைப் பிடித்து, "விடுடா, சின்னப் பசங்க நாம. எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்பான். அதை மட்டும் ஆறு தடவை திருத்தி எழுதினார். கதையில் செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்பது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கையெழுத்துப் பிரதியை ஒரு அச்சகத்தில் கொடுத்தார். முன்னறையில் கம்ப்யூட்டரில் ஒரு பெண் அடித்துக்கொண்டிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும், அடிக்கும்போதே உதடு அசையும். நாலு அத்தியாயம் முடித்தவள் அவரைப் பார்த்ததும் கேட்டாள்.

"சார், பூனை கடைசியில நல்லா இருப்பானா? இப்பவே சொல்லிடுங்க, எனக்குத் தாங்காது."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அடிச்சுக்கிட்டே வாம்மா, தெரியும்" என்றார்.

அச்சக முதலாளி அட்டைத் துணி தேர்ந்தெடுக்கச் சொல்லி அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினார். அங்கே பைண்டிங் வேலை. பசை வாடை, சுவரோரம் ஆள் உயரத்துக்கு மடித்த தாள்கள். ஒரு கிழவர் பலகை மேல் குனிந்து ஊசியும் நூலுமாகப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் முடிச்சுப் போட்டார். மற்ற ஆட்கள் மிச்ச நூலை வெட்டி எறிவார்கள். இவர் வெட்டாமல் திருப்பி, நடுத் தையலுக்கு அடியில் செருகி, நுனியை மட்டும் வால் மாதிரி வெளியே விட்டார்.

வாத்தியாருக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அந்த முடிச்சுதான், ஆள் பிறகுதான். பூனையின் அம்மாவுக்கு ஜெயிலில் நோட்டுப் புத்தகம் தைக்கிற வேலை. மகனுக்கென்று அவள் தைத்து அனுப்பிய ஒரே ஒரு நோட்டில் இப்படித்தான் வால் விட்டிருந்தாள். பூனை அதை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுப் பழகியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் வாத்தியார். ஐந்தாம் அத்தியாயத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்.

கிழவர் நிமிர்ந்தார். அதே கண்கள்.

"துணி அந்த ரேக்ல இருக்கு, சார்" என்றார். பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்த ஆள் டீ குடிக்கக் கிளம்பும் வரை தைத்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு கேட்டார்.

"நீதானா எழுதினது?"

 "உன்னைத் தேடாத இடமில்லடா" என்றார் வாத்தியார். பச்சைப் பொய். ஒரு தெரு கூடத் தேடியதில்லை.

"முன்னாடி உக்காந்து அடிக்கிறாளே, என் பொண்ணு. சாப்பிடும்போது உன் கதையைத்தான் சொல்றா. பூனைன்னு ஒரு பையன்ப்பா, பாவம்ப்பாங்கறா. எனக்குச் சோறு இறங்கல."

"அவளுக்கு..."

"தெரியாது. பூனைங்கற பேரே தெரியாது. தாத்தா பாட்டி ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லி வளர்த்திருக்கேன். தனித்தனியா இருந்த படத்தை ஸ்டூடியோல குடுத்து, ஜோடியா நிக்கற மாதிரி பண்ணி மாட்டி வெச்சிருக்கேன். பாட்டி ஜாடைன்னு அவளுக்கு அவ்வளவு பெருமை. தினம் அதைப் பார்த்துத்தான் தலை வாருவா." கிழவர் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டார். "ஜெயில் எப்ப வருது?"

"அஞ்சாவது அத்தியாயத்துல."

"நாளைக்கு அதைத்தான் அடிக்கப் போறா. எடுத்துடு."

வாத்தியார் ஐம்பது வருடமாக மனதில் எத்தனையோ வசனங்களை ஓட்டிப் பார்த்திருந்தார். ஒன்றுதான் வெளியே வந்தது. "என்னை மன்னிச்சுடுடா."

"மன்னிச்சா எடுத்துடுவியா?"

வாத்தியார் வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.

"சரி. மன்னிச்சுட்டேன். எடுத்துடு."

மானம் ரோஷம் உள்ளவனுக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்கும். அன்றைக்கு ஒரு சுற்று சைக்கிளுக்கு நடந்த அதே வியாபாரம்தான் இது. வாத்தியார் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை அந்தப் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வீடு போய்ச் சேர்ந்தார். போனதும் முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தை எடுத்து, மன்னிக்கும்போது பூனையின் கண் எப்படி இருந்தது என்று இரண்டு வரி சேர்த்தார். உண்மையைப் பார்த்து எழுதியதால் வரிகள் நன்றாக வந்தன.

அப்புறம் ஐந்தாம் அத்தியாயத்தில் கை வைத்தார். நேர்மையாகவே முயன்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஜெயிலை எடுத்துப் பார்த்தார். உப்புச் சப்பில்லாமல் போனது. முதலாளிக்குப் போன் போட்டார். "அதுதான் சார் உயிரே, அதை எடுத்தா அப்புறம் வெறும் தாள்தான்" என்றார் அவர். ஆகவே வாத்தியார் பூசி மெழுகினார். நாவல் முழுக்கப் பூனையை முயல் ஆக்கினார். வெளிறிய கண்களை அடித்துவிட்டு நீளமான பற்களை வைத்தார். அப்பாவைக் கொன்றவள் மாமியாரைக் கொன்றவள் ஆனாள். முடிச்சைப் பற்றிய பக்கம் வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. புத்தகத்திலேயே அழகான பக்கம் அது. ஒரு நூல் முடிச்சை வைத்து யார் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். பைண்டர் மகள் கையால் அடிக்கப் போகிற பக்கம் என்பது அவருக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. தோன்றியதைத்தான் பக்கத்தோடு சேர்த்துத் திருப்பினார்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ப்ரூஃபின், அதாவது திருத்தம் பார்க்கிற பிரதியின், கடைசிப் பக்கத்தில் எழுதியவர் தன் கைப்பட 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் அச்சுக்குப் பிளேட் போட மாட்டார்கள். பத்து நாள் கழித்து, அதற்காக வாத்தியார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார்.

பெண் இடத்தில்தான் இருந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. ப்ரூஃபை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதன் மேல் ஒரு பழைய நோட்டையும் வைத்தாள், அவள் பள்ளிக்கூட நாளில் அப்பா தைத்துக் கொடுத்தது. நடுப்பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். முடிச்சிலிருந்து வால் நீட்டிக்கொண்டு நின்றது.

"இந்த முடிச்சு அப்பாவைத் தவிர யாருக்கும் போட வராது, சார். பின்கட்டுல எல்லாரும் வால் முடிச்சுன்னு கிண்டல் பண்ணுவாங்க. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். சொன்னதே இல்ல. உங்க பக்கத்தை அடிச்சு முடிச்சதும் வீட்டுக்குப் போய் வாசிச்சுக் காட்டி, இந்தப் பையன் நீங்கதானாப்பான்னு கேட்டேன்."

 வாத்தியார் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தார். பலகை முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது.

"ஆமான்னார். மாமியாரையாப்பா பாட்டி கொன்னாங்கன்னு கேட்டேன். உங்க புக்குல அப்படித்தானே இருக்கு?  இல்லம்மா, தாத்தாவைன்னார்."

"அம்மா, நான் வேணும்னு..."

"படத்தைக் கீழ இறக்கி வெச்சுட்டேன் சார். ரெண்டு பேரையும் பிரிச்சுடலாம்னு பார்த்தேன். பாட்டி கை தாத்தா தோள் மேல இருக்கிற மாதிரி பண்ணியிருக்கான் ஸ்டூடியோக்காரன். வெட்டினா கை போயிடும்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பா ரெண்டு நாளா என்னை நிமிர்ந்து பார்க்கல. நான் என்ன நினைக்கிறேனோன்னு பயப்படறார். எனக்கே தெரியல. கண்ணாடி பார்க்கப் பிடிக்கல, அவ்வளவுதான்."

வாத்தியார் அழுதார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. அந்தப் பெண் அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டுமாம். இனிமே யார்கிட்ட மறைக்கணும்னார். கடைசியில முயல் மன்னிச்சுட்டேன்னு சொல்றான்ல, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடணுமாம். நீங்க எடுக்கறேன்னதை எடுக்கல, அதனால அவர் குடுத்ததும் குடுக்கலையாம்."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த வரி இல்லாம இது நாவலே இல்லம்மா."

"தெரியும் சார். அடிச்சவ நான்தானே."

சிவப்புப் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். கடைசிக்கு முந்தின பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. ஒரு கோடு இழுத்தால் போதும். முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "முடிஞ்சுதா சார்? பிளேட் போட ஆள் நிக்கிறான்."

வாத்தியார் அந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பூனை மன்னிக்காமலே முடிகிற புத்தகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். சைக்கிள் ஓட்டிய பையன் ஒருவன் மட்டும்தான் அதில் மிச்சம் இருந்தான், மைதானத்தைச் சுற்றிக்கொண்டே. 

பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தின் அடியில், கரும்பலகையில் எழுதிப் பழகிய மணிமணியான கையெழுத்தில், 'அச்சிடலாம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

 பெண் தாள்களை வாரி ஒன்றாகச் சேர்த்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சமமாக்கி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரை அணைத்தாள். பழைய நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே போனாள்.