ஆறு மீட்டரில் மூன்று பேர்

"இன்னைக்கோட கடைசி. இனிமே அவங்ககூட நீங்க ஆழத்துக்குப் போகக் கூடாது."

புருஷன் முதுகில் இரண்டு சிலிண்டரும் விலாவில் ஒன்றுமாகப் படகின் விளிம்பில் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். சண்டைக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாதென்று அவளுக்கு அப்போது தெரியாது.

'அவங்க' அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கப்பல் பட்டறையில் வெல்டர். அவனுடைய முதல் மனைவி. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீடு வேறு, அடுப்பு வேறு. ஆழத்துக்கு மட்டும் இன்னும் ஜோடி.

"என்கூட வந்தா என்ன குறைஞ்சு போச்சு? மீன் தெரியலயா, பவளம் தெரியலயா?"

"உன்கூடப் போறது வேடிக்கை பாக்க. இது வேற வேலை."

"ஓஹோ. நான் வேடிக்கைக்கு, அவங்க வேலைக்கா?"

படகுக்காரர் சிரித்தே விட்டார். "தங்கச்சி, இங்க வக்கீல் ஆபீஸ் இல்ல. கரைக்குப் போய் வச்சுக்கங்க." பிறகு அவன் பக்கம் திரும்பி, "கட்டாதவனும் கட்டி அத்துக்கிட்டவனும்தான்யா ஆழத்துக்குப் போவான். வீட்டுக்காரி உள்ளவன் மீன் பாத்துட்டு நேரத்தோட சோத்துக்கு வந்துடுவான். நீ ஒருத்தன்தான் ரெண்டு படகுல கால் வச்சிருக்க."

வெல்டர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பல்லைக் கடித்தபடி மாஸ்க்கை இழுத்து மாட்டினான். இருவரும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள்.

படகிலேயே இருந்துவிட்ட அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க ஆவியில் வெந்த உடம்பு குளிர்ந்த தண்ணீருக்கு ஏங்கித்தான் டைவிங் கற்றுக்கொள்ளப் போனாள். அங்கே சிலிண்டர் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கிரேன் மெக்கானிக்தான் இவன். அவள் கற்றது பதினெட்டு மீட்டர் வரை. அந்த அளவில் பயந்து போனால் மெதுவாக மேலே வந்துவிடலாம். இவர்கள் போகும் ஆழம் அப்படியல்ல. நினைத்தபோது வர முடியாது. உடம்பில் ஏறிய வாயு இறங்கும்வரை வழியில் அங்கங்கே நின்று நின்று வர வேண்டும். முதுகிலுள்ள காற்று பெரும்பாலும் ஆழத்திலேயே தீர்ந்துவிடும், திரும்பும் வழிக்கு விலா சிலிண்டர்தான். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழ் கட்டும். பிழைத்தால் கைகால் விளங்காது.

நிற்கும் இடத்திலிருந்து ஒரு பலூனை மேலே விடுவார்கள். சிவப்பு வந்தால் நலம். மஞ்சள் வந்தால் காற்று போதவில்லை.

மஞ்சள் வந்தது.

படகுக்காரர் வாயிலிருந்த பீடி தண்ணீரில் விழுந்தது. உபரி சிலிண்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. மறுபடி இழுத்து மறுபடி இறக்கினார். மறுபடியும் அதே கதை. இன்ஜினை விட்டு அவர் நகர்ந்தால் படகே போய்விடும்.

"தங்கச்சி..."

அவள் ஏற்கனவே தன் சிலிண்டர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரத்தில் பக்கிள் இரண்டு முறை நழுவியது.

"ஆறு மீட்டர்லதான் இருப்பாங்க. பலூன் கயித்தப் புடிச்சுக்கிட்டே போ. கைய விட்றாத."

உபரி சிலிண்டர் இறக்காத மூட்டை மாதிரி அவளைக் கீழே இழுத்தது. ஒரு கையில் அது, ஒரு கையில் கயிறு. காதில் வலி குத்தியது. சொந்த மூச்சே காதுக்குள் லாரி போல இரைந்தது.

பிறகு அவர்களைப் பார்த்தாள்.

ஒரே கயிற்றைப் பிடித்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றிருந்தார்கள். இருவருக்கும் ஒரே வாய்க்குழாய். வெல்டர் இரண்டு மூச்சு இழுத்து அவனுக்குக் கொடுத்தாள். அவன் இரண்டு இழுத்துத் திருப்பிக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் தயங்கவில்லை. கை தானாகப் போய்த் தானாக வந்தது. அந்த நிலையிலும் அவளுக்கு வயிறு எரிந்தது. தன்னோடு ஒரு தட்டில் சாப்பிடும்போதுகூட அவன் கை இப்படிப் போய் வந்ததில்லை.

வெல்டரின் சிலிண்டரில் காற்றளவு காட்டும் முள் அடிமட்டத்தில் கிடந்தது. தனக்குப் போதுமான காற்றை வைத்துக்கொண்டு அவள் தன் பாட்டுக்கு நின்றிருக்கலாம். பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு இருவருக்கும் போதாமல் நின்றிருந்தாள்.

கொண்டுவந்ததை நீட்டினாள். அவன் குழாயைக் கவ்வி இழுத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவே இல்லை. மூன்று பேரும் அந்தக் கயிற்றில் தொங்கினார்கள், வெல்டர் விரலை மேலே காட்டும்வரை.

படகில் அவள் புருஷனைப் படுக்கவைத்து முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்தினாள். வெல்டர் அவனுடைய விலா சிலிண்டரைக் கழற்றித் தலையைத் திருகினாள். ரப்பர் வளையம் பாதி வெளியே பிதுங்கியிருந்தது.

"குதிக்கறதுக்கு முன்னாடியே உஸ்ஸுன்னு கசிஞ்சிருக்கும். மேல வந்து வாயில வச்சா காலி."

"கேக்கலயா உங்களுக்கு?" என்றார் படகுக்காரர். குதிக்கும் முன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் காது கொடுப்பது வழக்கம்.

"நான்தானேக்கா கத்திக்கிட்டிருந்தேன்," என்றாள் இவள்.

"நீ கத்துவ. உனக்கு என்ன தெரியும்? வாய மூடுங்கன்னு சொல்ல வேண்டியவ நான். எத்தனை தடவை இவன் தலையில தட்டிச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு, புருஷன் பொண்டாட்டி பேசிக்கறாங்க, நடுவுல நாம யாருன்னு மேகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன்." வளையத்தை விரலால் பிய்த்துக் கடலில் எறிந்தாள். "கூச்சத்த வச்சுக்கிட்டு ஆழத்துக்குப் போக முடியாது. இனிமே இவன்கூட நான் வரல."

அவன் மாஸ்க்கைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஏதோ ஒரு நாள்..."

"நாளைக்கும் கூச்சப்படுவேன்டா. படு."

காலையில் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். பட்டறை வாசலில் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவன் முகம் அது.

"வேற ஆள் பாத்துக்கறேன்," என்று முணுமுணுத்தான்.

யாரோ ஒருவன் மூச்சில் பாதி கொடுப்பானா என்று அவள் வெல்டர் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே போங்க. நான் இனிமே படகுல ஏற மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வெல்டர் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "நீ வராட்டியும் நீ இருக்கேல்ல."

படகு கரைப் பக்கம் திரும்பியது.

"சரி, விட்டுடறேன்," என்றான் அவன், இருவரையும் பார்க்காமல்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் அவள். "எவன்கூடயாவது போறதா இருந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். இப்ப மூச்ச இழுங்க." மாஸ்க்கை அவன் முகத்தில் மறுபடி வைத்து, கை வலிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.