மோதிர விரலின் பாதி

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். ஊரே பொய் என்று சிரித்த ஒரு பாதி விரலின் கதையைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அது நல்ல கோபம்.

அறுபத்திரண்டாம் வருசம். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பேச்சியம்மா என்று ஒருத்தி. புருசன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். இருபத்தாறு வருசம் கொழுந்து கிள்ளிய அவளுடைய வலக்கை விரல்கள், அந்த வருசம் அவள் சொல் கேட்காமல் போயின. முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு மரத்தது. கிள்ளியது கொழுந்தா முற்றலா என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பெருவிரலின் அடிச்சதை வற்றிக் குழி விழுந்தது.

டிஸ்பென்சரியில் வரிசையில் நின்றாள். அங்கே மருந்து கொடுப்பவர் கணேசமூர்த்தி. எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா.

"எந்த வெரலு?"

"பெருவெரலு, அடுத்தது, நடுவெரலு. அப்புறம் மோதிர வெரல்ல பாதிங்க, ஐயா."

"பாதியா?"

"ஆமாங்க. நடுவெரல் பக்கத்துப் பாதி மரத்துருச்சு. சுண்டுவெரல் பக்கத்துப் பாதி நல்லா இருக்குங்க."

கணேசமூர்த்தி வரிசைக்கே கேட்கும்படி சிரித்தார். "கேட்டீங்களா? ஒரே வெரல்ல பாதி செத்துருச்சாம், பாதி உசுரோட இருக்காம்!" சொல்லாமல் கொள்ளாமல் ஊசியை எடுத்து அவளுடைய சுண்டு விரலில் குத்தினார்.

"ஆத்தா!" என்று அலறினாள்.

"உணர்ச்சி இருக்குல்ல? கள்ள வருத்தம், வேல செய்யாம இருக்க நடிக்கிறா." அப்படியே எழுதியும் வைத்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, மூக்கன் கங்காணி, "அரைவெரலு வந்துட்டாளா?" என்றான். களமே சிரித்தது. மாசக் கடைசியில் பேர் வெட்டு, அதோடு வேலை இல்லை என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டார். பேர் போனால், குடியிருக்கும் வரிசை வீட்டு அறை, அந்த லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பாள்?

அடுத்த காம்பராக் காளியாயி காதில் ஓதினாள்: "பாதின்னு சொல்லாதக்கா. முழு வெரலும்னு சொல்லிப்புடு, நம்புவாங்க."

"நெசத்துக்குத்தான்டி பொய்க்காரின்னு பேரு வாங்குனேன். இனிப் பொய்யச் சொல்லி நல்ல பேரு வாங்கணுமா?"

கந்தப்பளைக் கடைத்தெருவில் சரிபுதீன் நானாவின் லொறி வாரா வாரம் கொழும்புக்குக் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், ஏற்றிப் போகும். அவர் பேச்சியம்மாவின் கையைப் பார்த்தார். "வண்டியில ஏறு தங்கச்சி. கொழும்புல நரம்பு பாக்குற மிஷின் ஒண்ணு வந்திருக்காம்." கோவா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஹலீம் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "மோதிர விரல்ல பாதி. இத யார் சொல்லித் தந்த?"

"யாரும் சொல்லித் தரலீங்க. கையில இருந்துச்சுங்க."

பெருவிரல் அடியில் ஒரு தகட்டை ஒட்டினார். முழங்கை மடிப்பில் ஒரு சின்ன மின்னதிர்ச்சி, மணிக்கட்டில் ஒன்று. பெருவிரல் தானாகத் துள்ளியது. எதிரே மிஷினின் கண்ணாடித் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடி, துள்ளிய இடத்தில் மேடு கட்டியது.

"நரம்புல சேதி எப்படிப் போகுது தெரியுமா? கரண்டுக் கம்பி மாதிரி இல்ல. நரம்புக்கு வெளிய உப்பு கூட, உள்ள கொறவு. ஒரு இடத்துல கதவு திறந்தா உப்பு உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த கதவத் திறக்கும். அப்படியே விரல் மட்டும்."

பேச்சியம்மா யோசித்தாள். "லயத்துல தீப்புடிச்சா நாங்க வரிசையா நின்னு வாளி மாத்துவோமே, அப்படிங்களா? யாரும் ஓட மாட்டோம். தண்ணிதான் போகும்."

"அதேதான்! ஒங்கட மணிக்கட்டுல வாசல் ஒடுக்கமாப் போச்சு. அங்க நிக்கிற ஆளுகள் நசுங்குறாங்க. முழங்கையில இருந்து மணிக்கட்டு மட்டும் சேதி நல்லா வருது. ஒரு செக்கன, அந்த ஒரு நொடிய, ஆயிரமா வெட்டினா, அங்கிருந்து பெருவிரலுக்கு நாலு துண்டுல போகணும். ஒங்களுக்கு ஒம்பது. சுண்டு விரலுக்கும் மோதிர விரல்ட மத்தப் பாதிக்கும் வேற நரம்பு, வேற வாசல். பொய் சொல்ற ஒருத்தி முழு விரலயும்தான் சொல்லுவா. பாதியச் சொல்ல அவளுக்குத் தெரியாது."

பேச்சியம்மா அங்கேயே அழுதாள். வலியால் அல்ல.

மணிக்கட்டைக் கீறி வாசலை அகலப்படுத்த வேண்டும், அதுவரை பேரை வெட்டக்கூடாது என்று கடிதம் தந்தார். பச்சைக் கோட்டின் படத்தையும் தந்தார்.

பெரட்டுக் களத்தில் தொரை முன்னால் கணேசமூர்த்தி கடிதத்தைப் படித்தார். காது சிவந்தது. "இத முன்னமே சொல்லியிருந்தா..."

"சொன்னேங்க. அன்னைக்கே சொன்னேன். மிஷினு சொன்னாத்தான் ஒங்களுக்குக் காது கேக்குமா? அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் குத்துனீங்க. இன்னைக்கும் குத்துங்க. மோதிர வெரல்ல."

அவர் தயங்கினார். தொரை தலையசைத்தார். நடுவிரல் பக்கத்துப் பாதியில் ஊசி இறங்கியது. இரத்தம் முத்தாய் நின்றது. பேச்சியம்மா இமைக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப மத்தப் பாதி."

ஊசி பட்டதும் கை வெடுக்கென்று பின்னால் போனது.

அப்போது காளியாயி தன் வலக்கையை நீட்டினாள். "எனக்கும் பாதிதாங்க. பயந்துக்கிட்டுச் சொல்லல." அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. இன்னொன்று. பதினொரு கைகள், என் ராசாத்திகளே! பதினொரு பேர் பொய்க்காரி என்ற பேருக்குப் பயந்து மரத்த கையோடு கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள். மூக்கன் கங்காணி தரையைப் பார்த்தான்.

பேர் நிலைத்தது, காம்பராவும் நிலைத்தது. மணிக்கட்டைக் கீறினார்கள், எறும்பு போயிற்று. ஆனால் வற்றிய சதை முழுதாய்த் திரும்பவில்லை. அது காத்திருந்த மாதங்களின் விலை. மன்னிப்பு என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் நோகுது என்றால் ஊசியைத் தேடாமல் முகத்தைப் பார்க்கிற மனசு உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் பெண்டு பிள்ளைகளின் பத்து விரலும் சூடு குளிர் அறிந்து, அள்ளியதைச் சிந்தாமல், நெடுங்காலம் நல்லா இருக்கட்டும்.