ரிப்போர்ட்டில் வராதவை

உயிரோடு இன்னொரு நாள் இருக்க விலை முப்பத்தோராயிரம், மூன்று மருந்தும் சேர்த்து. அவள் கணவனின் அண்ணன் அதைப் பதினோராயிரத்துக்கு முடித்துக் கொடுத்தார். உயிர் ஆறு நாள் தாங்கியது.

இப்போது அவர் மருத்துவமனையில் பணம் கட்டும் ஜன்னலுக்குள் பாதித் தலையை நுழைத்திருந்தார்.

"காலையில பத்து மணிக்கே போயிட்டாம்ப்பா. ரூமுக்கு முழு நாள் வாடகை எப்படிப் போடுவே? பாதி போடு."

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பூட்டுக்கடை. கடைவீதியில் அண்ணனுக்குப் பெயரே கழிவுக்காரர். "கழிவு எவ்வளவு?" என்று தள்ளுபடியைக் கேட்ட பிறகுதான் பொருள் என்னவென்று பார்ப்பார். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்றும் அந்தக் கேள்வி வாய்வரை வந்திருக்கும். பெரிய மனசு, அடக்கிக்கொண்டார்.

ஆறு நாளுக்கு முன் காய்ச்சல் கொதித்தபோது டாக்டர் பெண் தெளிவாகத்தான் சொன்னாள்.

"கீமோவுல வெள்ளணு சுத்தமா இல்லீங்க. இந்த நிலைமையில கிருமி தனியா வராது, கூட்டாளியோட வரும். ரத்தப் பரிசோதனையில இப்ப ஒண்ணு தெரிஞ்சிருக்கு. மெதுவா வளர்றது பின்னாடிதான் தெரியும். பூஞ்சைக்கும் சேர்த்து மூணு மருந்து போட்டுடலாம்."

"இப்ப ரிப்போர்ட்ல எத்தனை?"

"ஒண்ணு. ஆனா..."

"ரிப்போர்ட்ல வராத கிருமிக்கு நான் எதுக்கும்மா பில் கட்டணும்?"

"பூட்டுக்கடைக்காரர் நீங்க. மூணு கதவுல ஒண்ணை மட்டும் பூட்டினாப் போதுமா சார்?"

"கதவைக் காட்டும்மா, பூட்டு வாங்கறேன்."

சொல்லிவிட்டு, எப்படி என்பது போலத் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். பதினெட்டு வருடப் பழக்கம். கட்டிலில் கிடந்தவர், மிச்சமிருந்த மூச்சையும் அண்ணனுக்கே செலவழித்தார்: "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பணம் இல்லாமல் இல்லை. சொன்ன விலைக்கு வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு இழுக்கு, அவ்வளவுதான். மற்ற இரண்டு மருந்தும் வேண்டாமென்று எழுதிய காகிதத்தை டாக்டர் பெண் நீட்டினாள். கையெழுத்து மனைவிதான் போட வேண்டுமாம். போட்டாள். எழுத்து கோணாமல் அழகாக வந்தது.

"அக்கா."

இப்போது அதே டாக்டர் பெண் எதிரே நின்றிருந்தாள். கையில் ஒற்றைத் தாள்.

"கடைசி ரிப்போர்ட். கேட்டிருந்தீங்களே."

"எத்தனைம்மா?"

"மூணு. பாக்டீரியா ரெண்டு, பூஞ்சை ஒண்ணு."

நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

கழிவுக்காரர் ரசீதை ஆட்டிக்கொண்டு வந்தார். "பாதி வாடகை குறைச்சுட்டேன். விட்டா ஏமாத்திடுவானுங்க."

அவள் வாய் திறக்குமுன் வாசலில் கடைவீதிச் சங்கத் தலைவர் நுழைந்தார். கழிவுக்காரரின் ரசீது பைக்குள் போனது. கைக்குட்டை கண்ணுக்கு வந்தது.

"தம்பி போயிட்டான் தலைவரே. பணத்தைப் பணம்னு பாக்கல. ஒரு குறையும் வைக்கல."

தலைவர் தலையாட்டினார். "உங்களைத் தெரியாதா?"

"இல்ல மாமா," என்றாள் அவள். கழிவுக்காரருக்கு முன்னால் இத்தனை சத்தமாக அவள் பேசியதேயில்லை. தாளை நீட்டினாள். "ரெண்டு குறை வெச்சோம்."

அவர் வாங்கினார். பழக்கதோஷம், கண் நேராகத் தாளின் அடிக்கு, கூட்டுத்தொகை இருக்கும் இடத்துக்குப் போயிற்று.