நான்கு கெப்லாத்

நான்கு மணி பதினெட்டு நிமிடத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பள்ளிவாசலின் வடக்கு நடையில் சுப்கான் உத்தரத்திலிருந்து தன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி இஸ்திகோமா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். இன்றைக்கு அந்த நிமிடத்தில் சூரியன் மக்காவில் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது ஜாவாவின் இந்த ரெம்பாங்கில் ஒரு நூலைத் தொங்கவிட்டாலும் போதும், அதன் நிழல் தொழவேண்டிய திசையான கிப்லாவைக் காட்டிக் கொடுத்துவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை கிடைக்கிற சலுகை இது. மதரசாவில் வானியல் கணக்கு சொல்லித் தருகிறவள் என்பதால் இந்த முறை சோதித்துப் பார்க்கும்படி பள்ளிவாசல் கமிட்டியின் ஹாஜி முஸ்லிக் அவளிடம்தான் கேட்டிருந்தார்.

நிழல் பார்க்காமலேயே அவளுக்கு விடை தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்கள் போட்டு வைத்த முக்கோணக் கணக்கு. பத்து நிமிட வேலை. மேற்கிலிருந்து வடக்கே இருபத்து நான்கு பாகை. சுப்கானோ நேர் மேற்கைப் பார்த்து டைல்ஸ் போட்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. கிப்லா என்ற சொல் ஜாவாக்காரர்கள் வாயில் கெப்லாத். அவர்களுக்குத் திசை என்றாலே கெப்லாத்துதான், நாலு திசைக்கு நாலு கெப்லாத். அதில் தொழுகிற கெப்லாத் மேற்கு என்று பால்குடி மறக்கும் முன்பே மனதில் பதிந்துவிடும்.

மூன்று வாரம், கூலி வாங்காமல், முட்டி தேய உட்கார்ந்து போட்ட தளம். ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்து, "இஸ்தி, ரசமட்டத்துல குமிழி அசையல தெரியுமா!" என்பான். அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு ஆசை அவன்மேல். ஆசை எப்படிக் கோழைத்தனமாகிறது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

"மணியாச்சும்மா," என்றார் ஹாஜி.

நூலின் நிழல் குண்டுக்கடியில் டைல்ஸ் கோட்டில் தொடங்கி, அதை விட்டு நழுவிச் சாய்ந்து போனது. சுப்கான் குனிந்து கற்களை எண்ணினான்.

"ரெண்டே கால் கல்லு போறதுக்குள்ள ஒரு கல்லு விலகுது," என்றான். குரலில் ஒன்றுமே இல்லை.

"பழைய தளமும் இப்படித்தானே இருந்துச்சு! அப்ப நாப்பது வருஷமா ஆப்பிரிக்காவப் பாத்தா தொழுதுக்கிட்டிருந்தோம்?" என்று ஹாஜி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கயும் அல்லாஹ்தானே இருக்கான், பாக் ஹாஜி," என்றாள் இஸ்திகோமா. " தெரியாம தொழுததுக்குக் குத்தமில்ல. இனிமேதான் தெரியுமே."

ஹாஜி அரைமனதாகச் சிரித்தபடி கமிட்டி ஆட்களைக் கூப்பிடப் போனார். சுப்கான் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான்.

"அதான் ஒரு மாசமா வீட்டுலயே தொழுதியா? முட்டி வலிக்குதுன்னியே."

அவள் குனிந்து நிழல் விழுந்த கோட்டைப் பென்சிலால் குறித்தாள்.

"எப்பத்துலேந்து தெரியும்?"

"நாலாவது வரிசை போடும்போது, மஸ்."

"நாலாவது வரிசையிலயே சொல்லியிருந்தா நாலு வரிசையப் பேத்திருப்பேன். இப்ப நாப்பத்தாறு." சற்று நிறுத்தினான். "கல்லு போனா போகட்டும். நான் தாங்க மாட்டேன்னு நெனச்சியே, இஸ்தி. அதான்."

"தப்புதான், மஸ். நீங்க அவ்ளோ சந்தோஷமா வருவீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

அவன் சாமான் பையைத் துழாவினான். கிளம்பப் போகிறான் என்றே நினைத்தாள். நீலப்பொடி தோய்த்த நூலை எடுத்து, ஒரு முனையை அவளிடம் நீட்டினான்.

"மஃரிப் தொழுகைக்குள்ள சஃபு வரிசைக்குக் கோடு போட்டாகணும். பிடி. நேரா இருக்கான்னு வாயத் தொறந்து சொல்லு, என் மூஞ்சியப் பாக்காத."

உள்ளே போய் அவன் வடக்கு முனையிலும் அவள் தெற்கு முனையிலும் மண்டியிட்டார்கள். நடையில் எடுத்த அளவின்படி அவள் மூலைமட்டத்தை வைத்தாள். பிறகு அவனுடைய நேர்த்தியான கற்களின் குறுக்கே, கண்ணை நூலிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இல்ல, மஸ். இன்னும் கொஞ்சம் கெழக்க."

நகர்த்தினான்.

"இன்னும்."

நகர்த்தினான்.

"ம். இப்ப."

அவன் நூலை இழுத்துச் சுண்டினான். மாசில்லாத வெள்ளைத் தளத்தில் நீலமாக ஒரு கோணல் கோடு விழுந்தது. பொடி பறந்து இருவருக்கும் தும்மல் வந்தது. தளத்தில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டால்கூடத் துணியோடு ஓடிவருகிறவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கோட்டுக்காக முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தான்.