கயிறில்லாமல் வராத பாட்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைப்பானேன்? தக்கலை டீக்கடையில் ஒரு வெளியூர்க்காரர் சொன்னார்: "உங்க ஊர்த் தமிழ் ரொம்ப இழுக்குது சார், படத்துக்கெல்லாம் சரிப்படாது." கோபம் வந்த வேகத்தில் முதல் வரியை எழுதினேன்: 'முட்டம் கடலில் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி...'

அடித்துவிட்டேன். காட்சி இருக்கிறது, சத்தமே இல்லை. என் கதையின் ஆளுக்கோ சத்தத்தைக் கவனிப்பதுதான் வேலை.

2

பொன்னுலிங்கம், தக்கலைக்குப் பக்கத்து இரணியல்காரன். வருடம் 1936 என்று வைத்துக்கொள்வோம். மதராஸில் ஒரு பேசும்படக் கம்பெனியில் ஒலிப்பதிவாளன். காதில் ஹெட்போன், கண் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர் முள்மேல். கடப்புறத்து மீன்காரர்கள் பாட்டைக் கடப்புறத்திலேயே எடுக்க வேண்டும் என்று டைரக்டரை நச்சரித்து முட்டத்துக்கே கூட்டிவந்துவிட்டான். டைரக்டர் முன்பே சொல்லியிருந்தார்: பதிவு கெட்டால் பாட்டை ஸ்டுடியோவில் வேறு ஆள் பாடுவான், நீயும் வேறு வேலை பார்த்துக்கொள்.

(ரொம்ப நல்லவனாகத் தெரிந்தான். கொஞ்சம் தலைக்கனம் சேர்த்தேன். என்னுடையதிலிருந்து எடுத்ததுதான், இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.)

3

கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிற மரியஜானை மைக் முன்னால் நிறுத்தினார்கள். கேமரா உறுமுவது கேட்காதிருக்க ஊர் மெத்தைகளெல்லாம் அதன்மேல் ஏறின.

மரியஜான் தலைத்துண்டை அவிழ்த்தார். கைகட்டினார். மாதா கோயில் பூசையில் பாடுகிற குரலில் பாடினார்.*

டைரக்டர் துள்ளினார். "படம் சுத்தம், சத்தம் சுத்தம். ஓகேதானே?"

மிச்சமிருந்தது ஒரே ஃபிலிம் சுருள். தலையாட்டினால் வேலை தங்கும்.

"சுத்தமாத்தான் இருக்கு. பாட்டுதான் இல்ல. ஓகே இல்ல" என்றான் பொன்னுலிங்கம்.

எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்க ஆளாக்கும்!

* ஒரு பெட்டி தன்னைக் கேட்கிறது என்றால் சாமியார் இருந்து பாவத்தைக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டைத் தவிர அவருக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

4

"அண்ணாச்சி, எப்பவும் பாடுத மாதிரி பாடப்பிடாதா?" என்று மரியஜானிடம் கேட்டான்.

"ஏலே மக்கா, கையில கயிறு இல்லாம வாயில பாட்டு வருமா? மடிய வளைக்கச் சொல்லு. கயித்த இழுத்து வலிச்சிட்டே பாடுதேன்."

வள்ளம் போய் வலையை வளைத்து வந்தது. துண்டு மறுபடி தலைக்கு ஏறியது. மரியஜான் குரலெடுத்தார். ஹெட்போனுக்குள் காற்று வந்தது, மூச்சிரைப்பு வந்தது, மணலில் குதிகால் புதைவது வந்தது, "ஒழுங்கா வலியிலே, சவமே!" என்று யாரோ யாரையோ வைததும் வந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டித் துடித்தது. பொன்னுலிங்கத்தின் விரல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுமேல் இருந்தது. குறைத்தால் பதிவு பிழைக்கும், இந்த மூச்சு போய்விடும். விரலை எடுத்துவிட்டான். சுருள் தீர்ந்தது.

5

முடிவு ஒன்று: மதராஸில் போட்டுப் பார்த்தபோது கொட்டகையே எழுந்து நின்று...

அடித்தேன். என் ஆசை அது.

முடிவு இரண்டு: வெறும் கரகரப்பு. வேலை போய்...

இதற்கு மனசு வரவில்லை.

"இப்பவாவது ஓகேயா?" என்று டைரக்டர் கேட்கிறார். பொன்னுலிங்கம் ஹெட்போனைக் கழற்றி உங்களிடம் நீட்டுகிறான். நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்பீர்கள், நீங்களே சொல்லுங்கள். ஆனால் மடி இன்னும் கரையேறவில்லை. மீன் நிறைய விழுந்திருக்கிறது, ஆள் போதவில்லை. முதலில் கயிற்றைப் பிடித்து நாலு இழுப்பு இழுங்கள். பிறகு கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.